68 சாக்: பேர்ஸ் பாஸிங்கை எங்கிருந்து சரி செய்வது?

மூன்றாம்டவுன் · 7 ஜனவரி 2025

சிகாகோ பேர்ஸுக்கு அமெரிக்கக் கால்பந்து (என்எஃப்எல்) சீசன் முடிந்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் கிரீன் பேயை 24-22 என்று ஜெயித்ததில் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது. ஆனால் அதற்கு முன் தொடர்ந்து 10 ஆட்டம் தோற்றோம். 5-12. மொத்த யார்டுகளில் லீகிலேயே கடைசி. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கேலப் வில்லியம்ஸ் 3,541 யார்டு, 20 டச் டவுன், 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பாஸ்) என்று முடித்திருக்கிறார். புதுமுகத்துக்கு மோசமில்லை. ஆனால் 68 சாக் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). பேர்ஸ் வரலாற்றில் எந்த குவார்ட்டர்பேக்கும் ஒரே சீசனில் இத்தனை முறை விழுந்ததில்லை.

புது கோச் யார் என்ற வதந்திக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே ஒரே கேள்வி: பாஸிங்கைச் சரி செய்ய முதலில் எதில் கை வைப்பது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) கடைசி. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் லைனின் இடது விளிம்பில் நிற்கும் டாக்கிள்கூட இரண்டாவதுதான். முதலில் அந்த லைனின் நடுவில் நிற்கும் சென்டரும் இரண்டு கார்டும், அவர்களோடு சேர்த்து, ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதற்கு) முன்னால் யார் யாரைத் தடுப்பது என்று சொல்லும் ஏற்பாடும். இந்த வருட சாக்குகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பந்து கைக்கு வரும் முன்பே முடிவாகிவிட்டவை ஏராளம்.

ஏரிக்காற்று · 7 ஜனவரி 2025

நவம்பர் 10 அன்று நியூ இங்கிலாந்து இங்கே சோல்ஜர் ஃபீல்டுக்கு வந்து 9 சாக் எடுத்துவிட்டுப் போனது. 19-3. அதற்கு முந்தைய வாரம் அரிசோனாவில் 29-9. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து நமக்கு ஒரு டச் டவுன் கிடையாது. இதில் சென்டர், கார்டு என்று நுணுக்கிப் பார்க்க என்ன இருக்கிறது? ஐந்து பேருமே போதவில்லை. அப்படியென்றால் கிடைப்பதற்கு அரிதான இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அது இடது டாக்கிள். பிராக்ஸ்டன் ஜோன்ஸ் ஐந்தாம் சுற்றில் கிடைத்த நல்ல ஆட்டக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டிசம்பரில் கணுக்கால் முறிந்து படுத்திருக்கிறார். ஏப்ரல் டிராஃப்டில் 10ஆவது தேர்வு நம் கையில். டாக்கிள் எடுங்கள், அவ்வளவுதான்.

புதுவரவு · 8 ஜனவரி 2025

வணக்கம். சென்னையிலிருந்து பார்க்கிறேன். குளிர்கால ஆட்டம் இங்கே இரவு 11:30க்குத் தொடங்கும், பாதியில் தூங்கிவிடுவேன் என்பதால் எல்லாம் புரியும் என்று சொல்ல மாட்டேன். ஒரு சந்தேகம். சாக் என்றால் லைனில் நிற்பவர்கள் தடுக்கத் தவறினார்கள் என்றுதானே அர்த்தம்? அதில் குவார்ட்டர்பேக் என்ன செய்ய முடியும்?

பழையகார்டு · 8 ஜனவரி 2025

தம்பி, நல்ல கேள்வி. நான் டெக்சஸ் ஆள், என் அணி ஹூஸ்டன். சாக் விஷயத்தில் எங்களுக்குத் தனி அனுபவம் உண்டு. 2002இல் அணி பிறந்த வருடமே டேவிட் கார் 76 முறை விழுந்தார். அந்த லீக் சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் கார்டாக ஆடியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாக் எல்லாம் ஒரே வகை இல்லை. ஒன்று, தடுப்பவன் நேருக்கு நேர் தோற்பது. இது யார் கண்ணுக்கும் தெரியும், டிவியில் இதைத்தான் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். இன்னொன்று, யாருமே தொடாமல் ஒருவன் நேராக உள்ளே வருவது. இதில் யாரும் தோற்கவில்லை, கணக்கு தப்பியிருக்கிறது. லைனில் ஐந்து பேர், எதிரணி ஆறு பேரை அனுப்புகிறது என்றால் ஒருவன் மிச்சம். அந்த மிச்ச ஆள் எந்தப் பக்கமிருந்து வருவான் என்று சென்டரும் குவார்ட்டர்பேக்கும் ஸ்னாப்புக்கு முன்னால் கண்டுபிடித்து லைனை அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், அல்லது ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடுபவரை) அங்கே நிறுத்த வேண்டும். இரண்டும் முடியாவிட்டால், அவன் விட்டுவிட்டு வந்த காலி இடத்துக்குப் பந்தைச் சட்டென்று எறிய வேண்டும். அதற்கென்றே ஒரு ரிசீவர் ஓட்டத்தைச் சுருக்கித் திரும்பிப் பார்ப்பார். ஹாட் ரூட் என்பது இதுதான். அப்புறம் மூன்றாவது வகை: எல்லோரும் ஒழுங்காகத் தடுத்தார்கள், மூன்று வினாடி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, குவார்ட்டர்பேக் இன்னும் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எந்த லைனும் அவ்வளவு நேரம் தாங்காது.

வில்லியம்ஸின் 68இல் மூன்று வகையும் இருக்கிறது. மூன்றாவது வகை நிறையவே இருக்கிறது. யூஎஸ்சி கல்லூரியில் ஹைஸ்மன் (சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது) வாங்கியபோது சுற்றிச் சுற்றி ஓடி நேரம் சம்பாதித்துத்தான் பாதி வித்தை காட்டினார். அங்கே துரத்தியவர்களும் கல்லூரிப் பையன்கள். இங்கே 270 பவுண்டு ஆள் அதே வேகத்தில் ஓடுகிறான்.

ஏரிக்காற்று சார் டாக்கிள் என்கிறார். ஒன்று கவனியுங்கள். விளிம்பிலிருந்து வருபவன் வளைந்துதான் வர முடியும். அவனைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனால் போதும், குவார்ட்டர்பேக் இரண்டடி முன்னால் ஏறி நின்று எறிந்துவிடலாம். அந்த இரண்டடி இருக்கிறதே, அது சென்டரும் கார்டுகளும் வைத்திருக்கும் இடம். நடுவில் குழி விழுந்தால் ஏற இடமில்லை. குவார்ட்டர்பேக் பின்வாங்குவார், இல்லையென்றால் பக்கவாட்டில் ஓடுவார். அவர் எங்கே நிற்பார் என்று நம்பித்தான் டாக்கிள் கோணம் பிடித்து நிற்கிறார். அவர் நகர்ந்ததும் அந்தக் கோணம் கெட்டுப்போகிறது. சாக் டாக்கிள் கணக்கில் எழுதப்படுகிறது, தவறு நடந்தது கார்டிடம்.

எண்கணிதன் · 8 ஜனவரி 2025

பழையகார்டு அண்ணன் சொன்ன மூன்றாவது வகைக்கு என்னிடம் ஒரு சாட்சி. வில்லியம்ஸ் இந்த வருடம் தொடர்ந்து 353 பாஸ் இன்டர்செப்ஷன் இல்லாமல் எறிந்தார், புதுமுகங்களில் சாதனை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த எண்ணும் 68ம் ஒரே பழக்கத்தின் இரண்டு பக்கமாகத்தான் தெரிகிறது. முழுசாகத் திறந்திருந்தால்தான் எறிவேன் என்று காத்திருந்தால் இன்டர்செப்ஷன் குறையும், சாக் கூடும். இன்னும் மூன்று நான்கு இன்டர்செப்ஷன் கூடுதலாக எறிந்து 20 சாக்கைக் குறைத்திருந்தால் அணிக்கு லாபம்.

அதே டிராஃப்டில் 12ஆவதாகப் போன போ நிக்ஸ், டென்வரில் கோச் ஷான் பேட்டனிடம், சீசன் முழுக்க 24 சாக். 2ஆவதாகப் போன ஜேடன் டேனியல்ஸ் வாஷிங்டனில் 47. அவரும் ஓடுகிறவர்தான். ஆக, புதுமுகம் என்பது மட்டும் காரணமில்லை.

பச்சைமஞ்சள் · 9 ஜனவரி 2025

மில்வாக்கியிலிருந்து, கிரீன் பே பேக்கர்ஸ் பக்கத்து அனுதாபங்கள். ஒரே சீசனில் 4,000 யார்டு எறிந்த குவார்ட்டர்பேக்கே இல்லாத ஒரே அணியிடம் பாஸிங்கைப் பற்றி இவ்வளவு நீளமான இழையா? உங்கள் சாதனை 1995இல் எரிக் கிரேமர் எறிந்த 3,838. அடுத்து யாராவது ஏரிக்காற்றைக் குறை சொல்ல வருவார்கள், காத்திருக்கிறேன். (ஏரிக்காற்று சாரைச் சொல்லவில்லை.) எங்கள் ஊரில் அதைவிடக் குளிர். எங்கள் குவார்ட்டர்பேக்குகள் ஃபார்வும் ராஜர்ஸும் அங்கேதான் எறிந்தார்கள்.

மீனா_சவுத்லூப் · 9 ஜனவரி 2025

பச்சைமஞ்சளுக்கு: ஒரு ஆட்டம் ஜெயித்த வாரத்திலாவது எங்களை நிம்மதியாக விடுங்கள்.

கோச்சை விட்டுவிட்டுப் பேச முடியாது என்று நினைக்கிறேன். நியூ இங்கிலாந்து தோல்விக்கு இரண்டு நாள் கழித்து ப்ளே சொல்லும் கோச் ஷேன் வால்ட்ரனை நீக்கினார்கள், தாமஸ் பிரவுன் ப்ளே சொல்ல வந்தார். அடுத்த ஆட்டம் கிரீன் பே. அதே லைன், அதே ரிசீவர்கள். வில்லியம்ஸ் 31 பாஸ் எறிந்து 23 சேர்த்தார், 231 யார்டு. அடுத்த வாரம் மினசோட்டாவுக்கு எதிராக 340. அதற்கடுத்த நன்றித் திருநாளில் டெட்ராய்டில் 3 டச் டவுன். மூன்றிலும் இன்டர்செப்ஷன் இல்லை. (மூன்றிலும் தோற்றோம், அது வேறு வயிற்றெரிச்சல். டெட்ராய்டில் டைம் அவுட் கையில் இருக்க நேரத்தைக் கரையவிட்டதில் அடுத்த நாளே தலைமைக் கோச் எபர்ஃப்ளஸ் வேலை போயிற்று.)

பிரவுன் பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. பந்தை வேகமாகக் கையை விட்டுப் போக வைத்தார். ரிசீவர் டிஜே மூருக்கு லைனுக்குப் பக்கத்திலேயே கொடுத்து ஓடவிட்டார். அப்புறம் எதிரணிகள் அதைப் பார்த்துக்கொண்டன, டிசம்பர் முழுக்க மறுபடி பழைய கதை. சியாட்டில் ஆட்டம் 6-3, 7 சாக். அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்கு ஏதாவது விருது கொடுக்கலாம்.

மூன்றாம்டவுன் · 10 ஜனவரி 2025

மீனா சொன்னதில் கடைசிப் பகுதி முக்கியம். குறும்பாஸ் மட்டும் வைத்து மூன்று வாரம் ஓட்டலாம், சீசன் ஓட்ட முடியாது. சேஃப்டி (எதிரணியின் கடைசி வரிசைத் தடுப்பாளர்) இரண்டு பேரும் கீழே இறங்கி நின்றால் அந்த ஐந்து யார்டும் கிடைக்காது. அவர்களைப் பின்னால் தள்ள ஆழமாக எறிய வேண்டும், ஆழமாக எறிய நேரம் வேண்டும். நேரத்தை இரண்டு வழியில் வாங்கலாம்: லைனை வலுப்படுத்துவது, அல்லது எதிரணியை ஒரு வினாடி ஏமாற்றுவது.

எனக்குப் பிடித்த உதாரணம் 2017 லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ். 2016இல் அவர்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் புதுமுகம், 7 ஆட்டம் தொடங்கி 7ம் தோல்வி, 26 சாக். அணி மொத்தம் 224 புள்ளி, லீகில் கடைசி. 30 வயது ஷான் மெக்வே கோச்சாக வந்தார். அடுத்த வருடம் 478 புள்ளி, லீகில் முதலிடம். காஃப் 15 ஆட்டத்தில் 25 சாக். அதே பையன்.

ஏரிக்காற்று · 10 ஜனவரி 2025

அந்த வருடம் ராம்ஸ் சின்சினாட்டியிலிருந்து யாரைக் கூட்டி வந்தது என்று சொல்ல மறந்துவிட்டீர்களே. ஆண்ட்ரூ விட்வர்த். 35 வயது. இடது டாக்கிள்! என் கட்சிக்காகப் பேசியதற்கு நன்றி.

மூன்றாம்டவுன் · 10 ஜனவரி 2025

விட்வர்த்தை மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஜான் சல்லிவன் என்று ஒரு சென்டரும் வந்தார். முந்தைய வருடம் வாஷிங்டனில் மெக்வேயிடம் இருந்தவர், அவருடைய தடுப்புக் கணக்கெல்லாம் மனப்பாடம். காஃப் அதுவரை தானே சுமந்ததில் பெரும்பங்கை அவர் எடுத்துக்கொண்டார். மெக்வே இன்னொன்றும் செய்தார். கோச் பேசும் ஹெல்மெட் ரேடியோ, ப்ளே கிளாக்கில் (அடுத்த ப்ளேயைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில்) 15 வினாடி இருக்கும்போது அணைந்துவிடும். அதனால் ஆட்களைச் சீக்கிரமே லைனுக்கு வரவைத்து, ரேடியோ அணையும் வரை எதிரணி எப்படி நிற்கிறது என்று காஃப் காதில் பேசிக்கொண்டே இருப்பார். விட்வர்த் மட்டும் வந்து இது எதுவும் நடக்காமல் இருந்திருந்தால் 478 வந்திருக்குமா?

ரிசீவரும் எடுத்தார்கள், தெரியும். ராபர்ட் வுட்ஸ், சாமி வாட்கின்ஸ், மூன்றாம் சுற்றில் கூப்பர் கப். நம்மிடம் ரிசீவர் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதுதான் என் பேச்சு. மூர், கீனன் ஆலன், ரோம் ஒடுன்ஸே மூன்று பேரையும் வைத்துக்கொண்டு லீகில் கடைசியாக வந்த பிறகு நான்காவதாக ஒருவரைத் தேடுவது, அடுப்பு பற்றாத வீட்டில் பாத்திரம் வாங்குவது மாதிரி.

புதுவரவு · 11 ஜனவரி 2025

எதிரணியை ஒரு வினாடி ஏமாற்றுவது என்றீர்களே, ஓடவிடுவது போல் காட்டிவிட்டு எறிவது, அது ப்ளே ஆக்‌ஷன்தானே? அதை ஏன் எல்லா முறையும் செய்யக் கூடாது?

பழையகார்டு · 11 ஜனவரி 2025

செய்யலாம், ஆனால் எங்கே நின்று செய்கிறோம் என்பது இருக்கிறது. ஷாட்கனில் குவார்ட்டர்பேக் ஐந்து யார்டு பின்னால் நிற்பார், ரன்னிங் பேக் பக்கத்தில். அங்கே பந்தைக் கொடுப்பது போல் பாசாங்கு செய்தால் லைன்பேக்கருக்கு (எதிரணி லைனுக்குப் பின்னால் நிற்பவருக்கு) பந்து முழு நேரமும் கண்ணில் படும். குவார்ட்டர்பேக் சென்டருக்கு ஒட்டி நின்று பந்தை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி, ஓடிவரும் பேக்கின் வயிற்றில் பந்தை வைப்பது போலக் காட்டினால் லைன்பேக்கர் இரண்டடி முன்னால் வந்தே ஆக வேண்டும். அந்த இரண்டடிக்குப் பின்னால்தான் 15 யார்டு பாஸ் விழும். லைனுக்கும் சுகம். ரன் மாதிரி முன்னால் பாய்ந்து இடிக்கலாம், பின்வாங்கிக்கொண்டே தாங்க வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால் அந்த அரை வினாடி குவார்ட்டர்பேக் மைதானத்துக்கு முதுகு காட்டுகிறார். திரும்பிப் பார்க்கும்போது சேஃப்டி இடம் மாறியிருப்பார். கல்லூரி முழுக்க ஷாட்கனிலேயே நின்ற ஆளுக்கு இது கிட்டத்தட்டப் புது வேலை. கால் எடுத்து வைப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும்.

மீனா_சவுத்லூப் · 21 ஜனவரி 2025

வந்தாச்சு! புது கோச் பென் ஜான்சன்! அடுத்த இழைக்காரர்கள் பட்டாசு வெடிக்கிறார்கள். நம் பேச்சுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. பழையகார்டு அண்ணன் சொன்ன ப்ளே ஆக்‌ஷனை டெட்ராய்டில் முழுநேரத் தொழிலாகவே செய்தவர். அதுவும் யாரை வைத்து? அதே ஜாரெட் காஃப். ராம்ஸ் வேண்டாமென்று அனுப்பிய ஆள், 2024இல் 72 சதவீதத்துக்கு மேல் பாஸ் சேர்த்து 4,629 யார்டு, 37 டச் டவுன். டெட்ராய்ட் லயன்ஸ் லீகிலேயே அதிகப் புள்ளி.

பச்சைமஞ்சள் · 22 ஜனவரி 2025

முதல் பேட்டியிலேயே எங்கள் கோச் லஃப்ளோரை வருடம் இரண்டு முறை தோற்கடித்தது தனக்குப் பிடித்திருந்தது என்றாராம் உங்கள் புது ஆள். குறித்துக்கொண்டோம். காஃப் பாக்கெட்டில் (லைன் காக்கும் இடத்துக்குள்) நின்ற இடத்தில் நின்று நேரத்துக்கு எறிபவர். உங்கள் பையன் அப்படியா? காஃபுக்குத் தைத்த சட்டை வில்லியம்ஸுக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

பழையகார்டு · 22 ஜனவரி 2025

நியாயமான கேள்வி, கேட்டது பேக்கர்ஸ் ஆளாக இருந்தாலும்.

ஒரு வேடிக்கை. குவார்ட்டர்பேக் சென்டருக்கு ஒட்டி நின்று பந்து வாங்கும் டி ஃபார்மேஷனை இந்த லீகில் பிரபலமாக்கியதே சிகாகோதான். கோச் ஜார்ஜ் ஹாலஸ், கூட ஆலோசனைக்கு கிளார்க் ஷானஸி, குவார்ட்டர்பேக்காக சிட் லக்மன். 1940 டிசம்பர் 8, சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் வாஷிங்டனை 73-0. அதற்குப் பிறகுதான் மற்ற அணிகள் வரிசையாகக் காப்பியடித்தன. 85 வருடம் கழித்து அதையே கற்றுக்கொடுக்க டெட்ராய்டிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

மூன்றாம்டவுன் · 12 மார்ச் 2025

ஒரே வாரத்தில் மூன்று பேர். கான்சாஸ் சிட்டியிலிருந்து ஜோ தூனி, 2026 நான்காம் சுற்றுத் தேர்வுக்கு. ராம்ஸிலிருந்து ஜோனா ஜாக்சன், ஆறாம் சுற்றுக்கு. இவர் டெட்ராய்டில் ஜான்சனிடம் ஆடியவர். அட்லாண்டா சென்டர் ட்ரூ டால்மன், 3 வருடம், 42 மில்லியன். இடது கார்டு, வலது கார்டு, சென்டர். மொத்த நடுப்பகுதியும் புதுசு.

தூனியைப் பற்றி ஒன்று. நான்கு சூப்பர் பௌல் (லீக் இறுதிப் போட்டி) மோதிரம் வைத்திருக்கும் கார்டு. போன சீசன் கடைசியில் டாக்கிள் இல்லாமல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை இடது டாக்கிளுக்கு நகர்த்தியது. சூப்பர் பௌலில் அவர்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் 6 சாக், 40-22 தோல்வி. விளிம்பில் ஒரு ஓட்டையை அடைக்க நடுவிலிருந்து நல்ல ஆளை உருவினால் என்ன ஆகும் என்று உலகமே பார்த்தது.

ஏரிக்காற்று · 12 மார்ச் 2025

அதே ஆட்டத்தை நான் வேறு மாதிரி படிக்கிறேன். சீஃப்ஸிடம் ஒழுங்கான இடது டாக்கிள் இல்லை, அதனால் தோற்றது. நம்மிடமும் இல்லை. தூனிக்கு 32 வயது. நல்ல வேலைதான், மறுக்கவில்லை, ஆனால் பாதி வேலை.

ஏரிக்காற்று · 25 ஏப்ரல் 2025

10ஆவது தேர்வில் டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்)!! கோல்ஸ்டன் லவ்லேண்ட்! கோல் கெமெட் இருக்கும்போது! நான் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

எண்கணிதன் · 26 ஏப்ரல் 2025

சார் வருவார், எங்கும் போகமாட்டார். இரண்டாம் சுற்றில் லூதர் பர்டன், அப்புறம் டாக்கிள் ஓசி ட்ரபிலோ. டைட் எண்ட் எடுத்தது எனக்குப் புரிகிறது. இரண்டு டைட் எண்ட் களத்தில் நின்றால் எதிரணி ரன்னுக்குக் கனமான ஆட்களை இறக்க வேண்டும். அப்போது லவ்லேண்டை நடுவில் ஓடவிட்டால் துரத்துவது லைன்பேக்கர். ப்ளே ஆக்‌ஷன் திட்டத்துக்கு இதுவும் ஓர் உறுப்பு.

மீனா_சவுத்லூப் · 15 செப்டம்பர் 2025

52-21. டெட்ராய்டில். முதல் வாரம் மினசோட்டாவிடம் கையில் இருந்த ஆட்டத்தை 27-24 என்று விட்டோம், இப்போது இது. ஆட்டத்தைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன், மனசு ஆறவில்லை. ஸ்னாப்புக்கு முன்னால் பெனால்ட்டி, ஹடிலிலிருந்து (கூடிப் பேசும் வட்டத்திலிருந்து) வரத் தாமதம். திறந்து நிற்கிறவருக்கு மேலே பறக்கிறது பந்து. ஜான்சன் கோடையில் வைத்த இலக்கு, எறிந்த பாஸில் 70 சதவீதம் சேர வேண்டும் என்று படித்தோம். எங்கே?

பழையகார்டு · 15 செப்டம்பர் 2025

மீனா, ஸ்கோரை விட்டுவிட்டு லைனை மட்டும் பாருங்கள். நடுவில் குழி விழவில்லை. போன வருடம் முதல் எட்டு ஆட்டத்தில் பார்க்காத ஒன்று, குவார்ட்டர்பேக் முன்னால் ஏறி நிற்க இடம் இருக்கிறது. அவர்தான் இன்னும் அதை நம்பவில்லை, பழக்கதோஷத்தில் பின்னால் நழுவுகிறார். கால் பின்னால் போகும்போது எறிந்தால் பந்து உயரும். தலைக்கு மேலே போகும் பாஸ்கள் பலவும் அந்த வகைதான். இதற்கு ஆள் மாற்றத் தேவையில்லை, பழக வேண்டும். அக்டோபர் வரை பொறுங்கள்.

புதுவரவு · 22 செப்டம்பர் 2025

டல்லாஸ் ஆட்டம் 31-14, வில்லியம்ஸ் 4 டச் டவுன்! தூங்கவே இல்லை. சாக் எதுவும் பார்த்த ஞாபகம் இல்லை.

மூன்றாம்டவுன் · 20 ஜனவரி 2026

ராம்ஸிடம் ஓவர்டைமில் 20-17 என்று போய்விட்டது. ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். 11-6, டிவிஷன் பட்டம். பிளே ஆஃபில் கிரீன் பேயிடம் 21-3 என்று பின்தங்கி 31-27 என்று ஜெயித்தோம் (பச்சைமஞ்சள் எங்கே?). வில்லியம்ஸ் 3,942 யார்டு, 27 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன். கிரேமரின் 30 வருடச் சாதனை போயிற்று. சாக் 24. அறுபத்தெட்டிலிருந்து இருபத்து நான்கு.

இதில் என் வாதத்துக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த சீசனில் இடது டாக்கிளில் மூன்று பேர் மாறி மாறி ஆடினார்கள்: ஜோன்ஸ் தொடங்கினார், பிறகு தியோ பெனடெட், பிறகு ட்ரபிலோ. அந்த இடம் ஒருபோதும் நிலைக்கவில்லை. நடுவில் தூனி, டால்மன், ஜாக்சன். விளிம்பு ஆடிக்கொண்டே இருந்தும் சாக் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஏரிக்காற்று · 20 ஜனவரி 2026

சாக் குறைந்ததில் ஜான்சனுக்குப் பங்கு இல்லையா? ரன் ஆட்டத்துக்கு? ரன்னிங் பேக் ஸ்விஃப்ட் 1,000 யார்டு தாண்டினார். ஏழாம் சுற்றில் வந்த மொனங்காய் கூடவே ஓடினார். ரன் ஓடினால் எதிரணி பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களைப் பாயவிடுவது) அனுப்பத் தயங்கும். நீங்கள் எல்லாவற்றையும் மூன்று ஆட்கள் தலையில் கட்டுகிறீர்கள். நல்ல இடது டாக்கிள் ஒருவர் சீசன் முழுக்க நின்றிருந்தால் 24 என்பது 15 ஆகியிருக்கும் என்பேன்.

லவ்லேண்டைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். சின்சினாட்டியில் 17 வினாடி மிச்சமிருக்க 58 யார்டு ஓடியதை நானும் பார்த்தேன்.

எண்கணிதன் · 20 ஜனவரி 2026

ரன் ஓடியதற்கும் அந்த நடு மூவர்தானே காரணம் சார்?

எனக்கு உறுத்துவது வேறு. பாஸ் சேர்ந்தது 58 சதவீதம். போன வருடம் 62.5. சாக் குறைந்தது, யார்டு கூடியது, சதவீதம் இறங்கியது. 70 கேட்டவருக்கு 58 கிடைத்திருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

பழையகார்டு · 21 ஜனவரி 2026

இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டிலும் உண்மை உண்டு.

முன்பு சாக் ஆன ப்ளேக்களில் சில இப்போது வெளியே எறிந்துவிடும் பாஸாக மாறியிருக்கின்றன. சாக் சதவீதத்தில் சேராது, வெளியே எறிந்தால் சேராத பாஸாகக் கணக்கில் ஏறும். 7 யார்டு இழப்பதைவிட அது எவ்வளவோ மேல். அந்த அளவுக்கு 58 ஒரு பொய்யான எண். ஆழமாக எறிவது கூடியதும் சதவீதத்தை இழுக்கும்.

ஆனால் மிச்சம் பொய்யில்லை. ஆறு யார்டு தூரத்தில், யாரும் தொடாமல், தலைக்கு மேல் போன பாஸ்கள் இந்த சீசனிலும் நிறைய. ராம்ஸ் ஆட்டத்தையே எடுங்கள். நான்காவது டவுன் (கடைசி வாய்ப்பு), பின்னால் ஓடிக்கொண்டே, இரண்டு பேர் துரத்த, கெமெட்டுக்கு எறிந்த டச் டவுனை இன்னும் பல வருடம் காட்டுவார்கள். அதே ஆட்டத்தில் 3 இன்டர்செப்ஷன். கடினமான பாஸை எறிய உலகத்தில் நான்கைந்து பேர்தான் உண்டு, அதில் இவர் ஒருவர். சுலபமான பாஸை எறிய முப்பது பேர் உண்டு, அதில் இவர் பாதி நாள் இல்லை. டிஜே மூர் டிசம்பரில் கிரீன் பேயை ஓவர்டைமில் முடித்தாரே, 46 யார்டு, அந்தப் பாஸுக்குக் கால் எவ்வளவு அழகாக நின்றது என்று மறுபடி பாருங்கள். முடியாது என்றில்லை.

இந்தக் கோடையில் எனக்கு வேண்டியது புது ஆளே இல்லை. ஸ்விங் பாஸ், ஐந்து யார்டு அவுட், குறுக்கே ஓடுபவருக்கு எட்டு யார்டு. இவற்றை மட்டும் சென்டருக்கு ஒட்டி நின்று, மூன்று காலடி பின்னால் வந்து, கால் தரையில் பதிந்ததும் கையை விட்டுப் போகிற வரை எறியட்டும்.

பச்சைமஞ்சள் · 21 ஜனவரி 2026

இருக்கிறேன். 21-3ஐப் பற்றிப் பேசப் போவதில்லை. 4,000க்கு இன்னும் 58 யார்டு பாக்கி என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

மீனா_சவுத்லூப் · 21 ஜனவரி 2026

போங்கள், போங்கள். பழையகார்டு அண்ணே, அந்த மூன்று காலடிப் பயிற்சி பற்றித் தனி இழை தொடங்குங்கள், படம் போட்டு. ட்ரபிலோவுக்கு கிரீன் பே ஆட்டத்தில் முழங்காலில் அடி. அடுத்த சீசன் தொடக்கத்தில் இடது டாக்கிளில் யார் நிற்பார் என்று இனி ஏரிக்காற்று சார்தான் இன்னொரு இழை திறக்க வேண்டும்.

ஏரிக்காற்று · 21 ஜனவரி 2026

திறந்தாயிற்று.